பேலட்ல பேர் இருக்கு, ஆள் யாருன்னு தெரியல: அமெரிக்க காங்கிரஸ் வேட்பாளரை நாமளே விசாரிக்கிறது எப்படி

கேள்வியை ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், பின்னாடி படிக்க வர்றவங்களுக்கும் புரியணும்ல. டல்லாஸ் பக்கத்துல இருக்கீங்க, சிட்டிசன்ஷிப் வாங்கினதுக்கு அப்புறம் இதான் முதல் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். யு.எஸ். ஹவுஸுக்கு, அதாவது காங்கிரஸோட கீழவைக்கு, நிக்கிற ஒருத்தர் கோயில்ல பார்த்துப் பேசி 250 டாலர் டொனேஷன் கேட்டிருக்கார். வீட்டுக்கு வந்து தேடினா ஒரு சின்ன வெப்சைட், ஒரு குடும்ப போட்டோ, 'தொழிலதிபர், முன்னாள் ராணுவ வீரர்'னு ரெண்டு வரி, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. எந்த ரெக்கார்டை எங்க பாக்கணும், பாக்கிறது சட்டப்படி சரியான்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்களுக்கு உண்மையில தெரிய வேண்டியது, இந்த மனுஷன் தன்னைப் பத்தி சொல்றது நிஜமான்னு, சரியா? அதுக்கு பெரும்பாலும் பதில் கிடைக்கும். 'நல்லவரா'ங்கிறதுக்கு எந்த ரெக்கார்டும் பதில் சொல்லாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

நான் வக்கீல் இல்ல. டெக்ஸாஸ்ல ஒரு லா ஆபீஸ்ல, கேஸுல வர்ற ஆளுங்களோட பின்னணியை பொது ரெக்கார்டுலேர்ந்து தோண்டி எடுத்துக் கொடுக்கிற வேலை, வருஷக்கணக்கா இதான் பண்றேன். இந்தியாவுலேர்ந்து வந்தவங்க எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்கிறது 'அஃபிடவிட் எங்க இருக்கு'ன்னு. நம்ம ஊர்ல வேட்புமனுவோட ஃபார்ம் 26னு ஒண்ணு கொடுக்கணும், சொத்து, கடன், கிரிமினல் கேஸ், படிப்பு எல்லாம் அதுலயே இருக்கும், எலெக்ஷன் கமிஷன் சைட்லயும் ஏத்திடுவாங்க. இங்க அப்படி ஒரே பேப்பர் கிடையாது. ஹவுஸுக்கு நிக்க அரசியலமைப்பு கேக்கிறது மூணே மூணு, 25 வயசு, 7 வருஷ சிட்டிசன்ஷிப், ஜெயிக்கிற நேரத்துல அந்த ஸ்டேட்ல குடியிருப்பு. அந்த டிஸ்ட்ரிக்ட்லயே, அதாவது தொகுதியிலயே, இருக்கணும்னு கூட இல்ல. ஸ்டேட்டுங்க தங்க இஷ்டத்துக்கு இதுக்கு மேல தகுதி எதுவும் சேர்க்கக் கூடாதுன்னு 1995ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால ஜெயிலுக்குப் போய் வந்தவர் கூட நிக்கலாம். ஆனா ஒருத்தர் பொதுவாழ்க்கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கெங்கயோ எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் இருப்பார், வரி ஆபீஸுக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணு, வீட்டு வரியைக் குறைக்க ஒண்ணு, பிரச்சாரத்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் வேற வேற காரணத்துக்காக எழுதினது. அதுங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கிறதுதான் மொத்த வேலையே, தனியா ஒரு பேப்பரைப் பார்த்து ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

முதல்ல எஃப்.இ.சி. சைட், அதாவது ஃபெடரல் எலெக்ஷன் கமிஷன், இலவசம்தான். ஒருத்தர் 5,000 டாலருக்கு மேல வசூல் பண்ணினாலோ செலவு பண்ணினாலோ சட்டப்படி வேட்பாளர் ஆயிடறார், 15 நாளுக்குள்ள ஃபார்ம் 2 கொடுக்கணும், பிரச்சாரப் பணத்தைக் கையாள கமிட்டி ஒண்ணு பதிவு பண்ணணும், அப்புறம் அந்த கமிட்டி ஃபார்ம் 3ல கணக்கு கொடுத்துக்கிட்டே இருக்கணும். பேரே இல்லன்னா உடனே சந்தேகப்படாதீங்க, அந்த 5,000த்தைத் தொடாத ஆளா இருக்கலாம், உப்புக்குச் சப்பாணியா பேர் கொடுத்துட்டு வீட்ல உக்காந்திருக்கிற வேட்பாளருங்க ஒவ்வொரு தேர்தல்லயும் உண்டு. டெக்ஸாஸ்ல 2025ல டிஸ்ட்ரிக்ட் மேப்பை வேற மாத்தினாங்க, அதனால டிஸ்ட்ரிக்ட் நம்பரை வச்சுத் தேடாம பேரை வச்சுத் தேடுங்க. ரிப்போர்ட் கிடைச்சா மொத்த வசூல் எவ்வளவுன்னு பாக்கிறதை விட ஷெட்யூல் பி, சி ரெண்டையும் பொறுமையா படிங்க. பி செலவு, சி கடன். நிறைய பேர் '3 லட்சம் டாலர் திரட்டிட்டோம்'னு போஸ்ட் போடுவாங்க, சி ஷெட்யூலைத் திறந்தா அதுல பெரும்பகுதி அவரே தன் கமிட்டிக்குக் கொடுத்த கடனா இருக்கும். தப்பு கிடையாது, ஆனா ஜனங்க கொடுத்த பணம்னு நினைச்சுக்காதீங்க. பி-ல பணம் யாருக்குப் போகுதுன்னு பாருங்க, மச்சான் கம்பெனிக்கு கன்சல்டிங் ஃபீஸ், சொந்த பில்டிங்குக்கே வாடகை இப்படி. அதுலயும் உடனே குதிக்காதீங்க, வேட்பாளர் பிரச்சாரப் பணத்துலேர்ந்து தனக்கு ஒரு வரம்புக்குள்ள சம்பளம் எடுத்துக்கவே விதி இடம் கொடுக்குது, சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிறதும் நிஜமா வேலை செஞ்சு மார்க்கெட் ரேட்ல கொடுத்தா ஓகேதான். கணக்குல குழப்பம்னு எஃப்.இ.சி. ஊழியர்கள் கமிட்டிக்கு விளக்கம் கேட்டு லெட்டர் போட்டிருந்தா அதுவும் அதே பக்கத்துலயே இருக்கும், ஒண்ணு ரெண்டு எல்லாருக்கும் வரும், வரிசையா வந்து பதிலே இல்லன்னா யோசிக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது. அவரை வேட்பாளரா தேடாம, பணம் கொடுத்தவரா தேடுங்க. அதே சைட்ல தனிநபர் நன்கொடை பகுதியில அவர் பேரைப் போட்டா, பத்து வருஷம் முன்னாடி யாருக்கோ 300 டாலர் கொடுத்தது வரும், பக்கத்துல அன்னைக்கு அவர் என்ன வேலை, எந்த கம்பெனின்னு எழுதியிருக்கும். யாருக்காகவும் மெருகேத்தாம அவசரத்துல டைப் பண்ணினது அது. இப்ப வெப்சைட்ல '2014 முதல் சொந்தத் தொழில்'னு இருக்கும், 2016 நன்கொடையில வேற ஒரு கம்பெனி ஊழியர்னு இருக்கும். ரெண்டுமே உண்மையா இருக்கலாம், பகல்ல வேலை சாயங்காலம் பிசினஸ்னு. ஆனா கேக்க ஒரு கேள்வி கிடைச்சிடுச்சு. நேரடியா கமிட்டிக்குக் கொடுத்தா மொத்தம் 200 டாலருக்கு மேல போனாத்தான் பேர் விவரமா வரும், ஆக்ட்ப்ளூ, வின்ரெட்னு இருக்கிற ஆன்லைன் நன்கொடைத் தளங்க வழியா கொடுத்திருந்தா 10 டாலர் கூட வந்துடும், அந்தத் தளங்க எல்லாத்தையும் ரிப்போர்ட் பண்றாங்க. இதுல உங்களுக்கும் ஒரு சேதி இருக்கு, நீங்க அந்த 250ஐ கொடுத்தா உங்க பேர், ஊர், வேலை, கம்பெனி எல்லாம் இதே சைட்ல ஏறிடும், ஆபீஸ்ல யாராவது தேடினா தெரியும்.

அடுத்தது ஹவுஸ் கிளர்க் ஆபீஸ்ல இருக்கிற ஃபைனான்ஷியல் டிஸ்க்ளோஷர். அதே 5,000 டாலர் கோட்டைத் தாண்டினவங்க 30 நாளுக்குள்ள, இல்லன்னா மே 15க்குள்ள, எது பின்னாடியோ அதுக்குள்ள கொடுக்கணும், ஆனா தேர்தலுக்கு 30 நாள் முன்னாடியாவது கைக்கு வந்திருக்கணும். நம்ம டெக்ஸாஸ்ல மார்ச்சிலயே பிரைமரிங்கிறதால ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆரம்பத்துல தேடிப் பாருங்க. சம்பாத்தியம், முதலீடு, 10,000 டாலருக்கு மேல உள்ள கடன், எந்தெந்த கம்பெனியில என்ன பொறுப்பு, எல்லாம் இருக்கும். சொத்தெல்லாம் சரியான தொகையா இருக்காது, 15,001லேர்ந்து 50,000 வரைக்கும், 1 மில்லியன்லேர்ந்து 5 மில்லியன் வரைக்கும்னு பட்டை பட்டையாத்தான் இருக்கும், அதைக் கூட்டி 'இவர் சொத்து இவ்வளவு'ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. குடியிருக்கிற வீடு, வாடகைக்கு விடாத வரைக்கும், இதுல வராது. அதனால ஒருத்தர் 2 லட்சம் டாலர் கமிட்டிக்குக் கடன் கொடுத்திருக்கார், டிஸ்க்ளோஷர்ல பேங்க்ல 15,000 கூட இல்லன்னா கணக்கு உதைக்குதுதான், ஆனா வீட்டு மேல கடன் வாங்கிப் போட்டிருக்கலாம், அப்படின்னா கவுன்ட்டி கிளர்க் ஆபீஸ்ல அந்த லீன், அதாவது வீட்டு மேல கடன்காரருக்கு இருக்கிற பிடி, பதிவாகி இருக்கும், அங்க போய் பாருங்க. ஒரு பேப்பர் இன்னொரு பேப்பருக்குக் கையைக் காட்டும், அப்படியே நூல் பிடிச்சுப் போக வேண்டியதுதான். இன்னொண்ணு, இந்த பேப்பரை வாங்கி வைக்கிறவங்க உள்ள எழுதியிருக்கிறது உண்மையான்னு வீடு வீடா போய்ப் பாக்கிறது கிடையாது. பொய் எழுதினா தண்டனை உண்டு, அது மாட்டினதுக்கு அப்புறம்.

ஜார்ஜ் சாண்டோஸ் கதை தெரிஞ்சிருக்கும், நியூயார்க் மூணாவது டிஸ்ட்ரிக்ட், 2022, தன் பின்னணியைப் பத்திப் பொய் சொல்லி ஹவுஸுக்கு ஜெயிச்சவர். எல்லாரும் அவரோட பொய்களைப் பத்திப் பேசுறாங்க, எனக்கு அதுல முக்கியமா படுறது வேற, பாதி விஷயம் தேர்தலுக்கு முன்னாடியே ரெக்கார்டுல கிடந்துச்சு. 2020ல நின்னப்ப கொடுத்த டிஸ்க்ளோஷர்ல 55,000 டாலர் சம்பளம், 2022ல கொடுத்ததுல டெவோல்டர் ஆர்கனைசேஷன்னு சொந்த கம்பெனிலேர்ந்து 7,50,000 டாலர் சம்பளம், அது போக 1லேர்ந்து 5 மில்லியன் டிவிடெண்டு. கம்பெனி ஃபுளோரிடாவுல ஆரம்பிச்சதே 2021ல. எஃப்.இ.சி. கணக்குல 199.99 டாலர்னு செலவு திரும்பத் திரும்ப வந்துச்சு, 200 டாலருக்கு மேல உள்ள செலவுக்குத்தான் ரசீது வச்சுக்கணும்ங்கிற விதி தெரிஞ்சவங்களுக்கு இது கண்ணுல குத்தும். லாங் ஐலண்டுல நார்த் ஷோர் லீடர்னு ஒரு சின்னப் பத்திரிகை செப்டம்பர்லயே இந்தப் பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதினாங்க, யாரும் கண்டுக்கல. எதிர்க்கட்சிக்காரங்க 87 பக்கத்துக்கு ஃபைல் வச்சிருந்தும் படிப்பு, வேலை பத்தின பெரிய பொய் வெளிய வரல. தேர்தல் முடிஞ்சு டிசம்பர் 19ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் எழுதினாங்க, அவங்க பண்ணினது பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல, அவர் படிச்சதா சொன்ன பாரூக் காலேஜ்ல கேட்டாங்க, வேலை பாத்ததா சொன்ன சிட்டிகுரூப்லயும் கோல்ட்மேன் சாக்ஸ்லயும் கேட்டாங்க, அவர் நடத்தினதா சொன்ன தொண்டு நிறுவனம் ஐ.ஆர்.எஸ்., அதாவது ஃபெடரல் வரித்துறை, பட்டியல்ல இருக்கான்னு பாத்தாங்க. இல்ல. அவரை 2023 டிசம்பர் 1ல 311க்கு 114னு ஓட்டுப் போட்டு ஹவுஸை விட்டே வெளியேத்தினாங்க. அந்த ஐ.ஆர்.எஸ். தேடலை நீங்க இப்ப போன்லயே பண்ணலாம், இலவசம், தொண்டு நிறுவனம் வச்சிருக்கேன்னு சொல்ற எந்த வேட்பாளருக்கும் இதைப் பண்ணுங்க. சின்ன நிறுவனம், கோயில், சர்ச்சுன்னா சில விதிவிலக்கு உண்டு, அதையும் மனசுல வச்சுக்கங்க.

இப்ப டெக்ஸாஸுக்கு வர்றேன். 'தொழிலதிபர்'னா என்ன தொழில்? கம்பெனிகளைப் பதிவு பண்ற ஸ்டேட் ஆபீஸான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் சைட்ல தேடினா ஒவ்வொரு தேடலுக்கும் 1 டாலர், அதை விட ஸ்டேட் வரியைப் பாக்கிற கம்ப்ட்ரோலர் ஆபீஸ் சைட்ல ஃபிரான்சைஸ் டாக்ஸ் (கம்பெனிங்க கட்டுற ஸ்டேட் வரி) தேடல் இருக்கு, காசு கிடையாது, கம்பெனியோட டைரக்டர், ஆபீசர் பேரும் வரும், இப்ப உயிரோட இருக்கிற கம்பெனியா இல்ல வரி பேப்பர் கொடுக்காம உரிமை போனதான்னும் காட்டும். போயிருந்தா அது பெரிய குத்தம் இல்ல, கடையை மூடினவங்க பாதிப் பேர் அப்படியே விட்டுடுவாங்க. டெலவேர்ல பதிவு பண்ணின எல்.எல்.சி.ன்னா உரிமையாளர் யாருன்னு அங்க தெரியாது, சுவர்தான், ஆனா டெக்ஸாஸ்ல தொழில் பண்ண இங்கயும் பதிவு பண்ணியிருப்பாங்க. வீட்டுக்கு, வீட்டு வரிக்காக மதிப்புப் போடுற கவுன்ட்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சைட். அதுல ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்ங்கிற வீட்டு வரிச் சலுகை எந்த வீட்டு மேல இருக்குன்னு பாருங்க, அது குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் கிடைக்கும், 'நான் இந்த ஏரியாக்காரன்'னு மேடையில சொல்லிட்டு எக்ஸெம்ப்ஷன் நாலு கவுன்ட்டி தள்ளி இருக்கிற வீட்டு மேல இருந்தா அதுவே ஒரு பதில். வாடகை வீட்ல இருக்கிறவருக்கு இது எதுவும் வராது, போலீஸ், ஜட்ஜ் மாதிரி ஆளுங்க பேரை மறைக்கவும் சட்டம் இருக்கு, அதனால 'இல்ல'ன்னா 'பொய்'னு அர்த்தம் இல்ல. அப்புறம் பேலட்ல பேர் வர அவர் கட்சிகிட்ட ஒரு அப்ளிகேஷன் கொடுத்திருப்பார், 3,125 டாலர் ஃபீஸ் கட்டியோ இல்ல கையெழுத்து வாங்கியோ. தொழில், முகவரி எல்லாம் எழுதி நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணின பேப்பர், அதுவும் பொது ரெக்கார்டுதான், கேட்டு வாங்கலாம், கேக்கிறவங்கதான் ரொம்பக் கம்மி.

கோர்ட் விஷயத்துலதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. ஃபெடரல் கேஸ், திவால் கேஸ் எல்லாம் பேஸர்ங்கிற ஃபெடரல் கோர்ட் சைட்ல இருக்கு, ஒரு பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமென்டுக்கு அதிகபட்சம் 3 டாலர், மூணு மாச கணக்குல 30 டாலருக்குள்ள இருந்தா அதையும் வாங்க மாட்டாங்க. கோர்ட்லிஸனர்ங்கிற இலவச சைட்ல ஏற்கனவே யாராவது எடுத்துப் போட்டிருந்தா சும்மாவே கிடைக்கும், அங்க முதல்ல பாருங்க. ஸ்டேட் கோர்ட்டுக்கு கவுன்ட்டி கவுன்ட்டியா போகணும். டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிட்ட சிவில், டிவோர்ஸ், பெரிய கிரிமினல் கேஸ். கவுன்ட்டி கிளர்க்கிட்ட பத்திரம், லீன், சின்ன கிரிமினல் கேஸ். ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்ல வாடகை பாக்கி எவிக்ஷன், 20,000 டாலர் வரைக்கும் உள்ள பணத் தகராறு, இதை யாருமே பாக்க மாட்டாங்க, ஆனா ஒரு காண்ட்ராக்டர் தன் ஆளுங்களுக்கும் கஸ்டமருங்களுக்கும் காசை ஒழுங்கா கொடுத்தாரான்னு அங்கதான் தெரியும். கேஸ் போட்டது ஒரு பக்கத்தோட புகார்தான், தீர்ப்பு வேற, செட்டில்மென்ட் வேற, தள்ளுபடி வேற, கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காம பேசாதீங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து ஒரே பேர் உள்ள இன்னொருத்தர். டெக்ஸாஸ்ல கார்சியா, ஜான்சன், படேல்னு தேடினா கூட்டமே வரும். என் கணக்குக்கு, பேர் போக இன்னும் ரெண்டு விஷயமாவது பொருந்தணும், பிறந்த தேதி, நடு பேர், பழைய முகவரி, மனைவி பேர், கையெழுத்து, இப்படி. ஒண்ணு மட்டும் பொருந்தினா அதை 'இருக்கலாம்' லிஸ்ட்ல வையுங்க, வெளிய வாயைத் திறக்காதீங்க. நீங்க சொன்ன வேட்பாளர் நம்ம பக்கத்து ஆளா இருந்தா இன்னும் சிக்கல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் கடைசில, பேங்க்ல இனிஷியல் முன்னாடி, வீட்டுப் பத்திரத்துல ரெண்டையும் ஒட்டி ஒரே வார்த்தையா, அதனால எல்லா விதமாவும் எழுதித் தேடணும். நம்ம ஊர்ல பொண்ணு கொடுக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டைப் பத்தி தெருவுல விசாரிக்கிற மாதிரிதான் இதுவும், தப்பான வீட்டுக் கதவைத் தட்டி வேற யாரோட கதையையோ கேட்டுட்டு வந்து சம்பந்தத்தையே கெடுத்துடக் கூடாது.

ராணுவ சேவை பத்தி வெப்சைட்ல இருக்கிறதைச் சரிபார்க்க வழி இருக்கு. செயின்ட் லூயிஸ்ல நேஷனல் பெர்சனல் ரெக்கார்ட்ஸ் சென்டர்னு இருக்கு, எஸ்.எஃப். 180 ஃபார்ம் அனுப்பினா, சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமலே சேவை தேதி, ரேங்க், எங்க வேலை பாத்தார், என்ன பதக்கம்ங்கிற அளவுக்குக் கொடுப்பாங்க. மெடிக்கல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் கிடையாது. 1973ல அங்க தீப்பிடிச்சு 16லேர்ந்து 18 மில்லியன் பழைய ஃபைல் போச்சு, வயசான வேட்பாளர்னா அவரோடதும் அதுல போயிருக்கலாம். 2022ல ஒஹாயோ ஒன்பதாவது டிஸ்ட்ரிக்ட்ல ஜே.ஆர். மஜெவ்ஸ்கின்னு ஒருத்தர், ஆப்கானிஸ்தான்ல இருந்தேன்னு பிரச்சாரம் பண்ணினார், அசோசியேட்டட் பிரஸ் ரெக்கார்டு வாங்கிப் பாத்தா கத்தார்ல ஆறு மாசம்னுதான் இருந்துச்சு. அவர், ஆப்கானிஸ்தான் போனது ரகசியத் தகவல், அதான் பேப்பர்ல இல்லன்னார். இதுல உறுதியா சொல்ல முடிஞ்சது 'ரெக்கார்டுல இல்ல'ங்கிறது மட்டும்தான். குறுக்கு வழியில போகாதீங்க, அதே வருஷம் விமானப்படை சில வேட்பாளருங்களோட முழு ஃபைலையும் அனுமதி இல்லாம வெளிய கொடுத்துட்டு அப்புறம் தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. வேற ஆளோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரை வச்சு எதையும் கேக்கிறது உங்களை உள்ள தள்ளிடும். படிப்புக்கு காலேஜ் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் பட்டம், வருஷம் மட்டும் சொல்வாங்க, பல காலேஜ் அதை நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ்கிட்ட விட்டிருக்கு, சின்ன ஃபீஸ் இருக்கும். மாணவர் தன் விவரத்தைக் கொடுக்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருந்தா அதுவும் வராது. டாக்டர், வக்கீல், ஷேர் புரோக்கர்னு சொன்னா லைசென்ஸ் போர்டு சைட்ல ரெண்டு நிமிஷம், புரோக்கருக்கு, அவங்களைக் கண்காணிக்கிற ஃபின்ரா அமைப்போட புரோக்கர்செக் சைட்.

ஓட்டுப் போட்ட வரலாறும் பாக்கலாம், யாருக்குப் போட்டார்னு இல்ல, போட்டாரான்னு மட்டும். டெக்ஸாஸ்ல கட்சி பதிவு கிடையாது, எந்தக் கட்சி பிரைமரியில ஓட்டுப் போட்டார்னு மட்டும் தெரியும், 'வாழ்நாள் முழுக்க இந்தக் கட்சி'ன்னு சொல்றவரைச் சரிபார்க்க அது போதும். பழைய வெப்சைட்டை, இணையப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல பாருங்க, கொள்கை மாறினது தெரியும். தேர்தல் தகவல் சைட்டான பேலட்பீடியாவுல இருக்கிற சர்வே பதிலெல்லாம் வேட்பாளரே எழுதினது, அதை ஆதாரமா வைக்காதீங்க. வரி ரிட்டர்ன், கிரெடிட் ரிப்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் விவரம், மெடிக்கல், சீல் பண்ணின இல்ல அழிச்ச கேஸ், இதெல்லாம் உங்களுக்குக் கிடைக்காது, 29 டாலருக்கு எல்லாம் தர்றோம்னு சொல்ற சைட்டுங்க ரெண்டு பேரைக் கலந்து ஒரே ஆளாக்கித் தர்றதை நான் எவ்வளவோ பாத்திருக்கேன், காசை மிச்சம் பண்ணுங்க.

சட்டப்படி, பொது ரெக்கார்டை ஓட்டர்ங்கிற முறையில படிக்கிறதுல உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. எஃப்.இ.சி.ல இருக்கிற நன்கொடையாளர் லிஸ்டை எடுத்து வசூலுக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தறது தான் தடை. கிடைச்ச வீட்டு முகவரியை, பிள்ளைங்க பேரை வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, டிவோர்ஸ் ஃபைல்ல இருக்கிறதையும்தான். எதையாவது வெளிய சொல்றதா இருந்தா 'இந்த பேப்பர்ல இப்படி இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க, 'இவர் ஃபிராடு'ன்னு சொல்ல உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதுக்கு முன்னாடி அவர்கிட்டயே கேளுங்க, மெயில்ல, பேப்பரையும் இணைச்சு. யாருக்கும் தெரியாத வேட்பாளர்கிட்ட ஒரு வசதி, பெரும்பாலும் அவரே பதில் போடுவார். நல்ல காரணம் இருந்தா ஒரே வரியில சொல்லிடுவார். கோபப்பட்டு 'இதெல்லாம் எதுக்குத் தோண்டறீங்க'ன்னு கேட்டா, அந்த 250 டாலரை என்ன பண்றதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

நேரம் கம்மியா இருந்தா எஃப்.இ.சி., கம்ப்ட்ரோலர், அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் மூணும் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும், கோர்ட்டுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்க. செயின்ட் லூயிஸ் லெட்டரை மட்டும் இன்னைக்கே அனுப்பிடுங்க, பதில் வர பல வாரம் ஆகலாம், பிரைமரிக்குள்ள வரலன்னாலும் யாருக்கும் 50 சதவீதம் தாண்டலன்னா மே மாசம் ரன்ஆஃப், அதாவது முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மறுதேர்தல், இருக்கு, அதுக்காவது உதவும்.